உங்களுக்குத் தெரியுமா? பெட்டி பேசட்டும், அப்புறம் பொட்டலம்

பள்ளத்தூரில் ஒரு பலகாரக் கடை. சாயங்காலம் ஆறு மணி. எனக்கு முன்னால் பைக்கில் வந்த இரண்டு பையன்கள் கைமுறுக்கு, சீப்புச் சீடை, மாவுருண்டை என்று நானூற்றுச் சொச்சத்துக்கு வாங்கிவிட்டுப் போனை நீட்டினார்கள். பச்சை வட்டம், நடுவில் டிக், கடைப் பெயர், தொகை, நேரம் எல்லாம் அச்சு அசல். கடைக்கார ஆச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்க்கக்கூட இல்லை.

"பெட்டி இன்னும் பேசலையேப்பா."

"நெட் ஸ்லோ, ஆச்சி."

"பேசட்டும். நில்லு."

இரண்டு நிமிடம் ஆயிற்று. கல்லா ஓரத்தில் இருந்த, பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் அந்தச் சின்ன ஒலிப்பெட்டி வாயே திறக்கவில்லை. "ஏடிஎம்ல எடுத்துட்டு வர்றோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். பொட்டலம் ஆச்சி கையிலேயே இருந்தது.

பணம் அனுப்பாமலே அனுப்பியதுபோலத் திரை காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. சிலவற்றில் 'டிங்' ஓசைகூட வரும். வாடிக்கையாளரின் திரை வெறும் படம். கடைக்காரருக்குச் சாட்சி அவருடைய வங்கிக் கணக்கு, அவருடைய செயலி, அவருடைய பெட்டி இந்த மூன்றுதான். ஆச்சிக்கு சைபர் பாதுகாப்பு என்ற சொல் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

✦

கடை வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் சதுரம் பணத்துக்காகப் பிறந்ததல்ல. 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளர், கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைக்கக் கண்டுபிடித்தது. கறுப்புக் காயும் வெள்ளைக் காயும் வைத்து ஆடும் 'கோ' விளையாட்டைப் பார்த்து யோசனை வந்ததாம். கொஞ்சம் கிழிந்தாலும் அழுக்கானாலும் படிக்க முடியும்படி அதை அமைத்திருக்கிறார்கள். ஆனால் அது யாருடைய சதுரம் என்று நம் கண்ணுக்குத் தெரியாது. அங்கேதான் வம்பு.

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துக் கஜுராஹோவில், ராத்திரியோடு ராத்திரியாகச் சில கடைகளிலும் ஒரு பெட்ரோல் பங்க்கிலும் இருந்த சதுரங்கள் மேல் வேறு சதுரத்தை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் வந்தவர்கள் செலுத்திய பணம் எவனுக்கோ போயிற்று. ஸ்கேன் செய்தபோது கடைக்காரர் பெயருக்குப் பதில் வேறு பெயர் வந்ததை வைத்துத்தான் குட்டு உடைந்தது. காலையில் கடை திறந்து தண்ணீர் தெளித்ததும், சொந்தப் போனில் ஒருமுறை ஸ்கேன் செய்து பெயரைப் பாருங்கள். சதுரத்தைக் கல்லாவுக்கு உள்பக்கம் வைத்தால் இன்னும் நல்லது.

✦

யூபிஐ பின் என்பது பணம் கொடுப்பதற்குத்தான். வாங்குவதற்கு பின் கிடையாது. "ராணுவ கேம்ப்ல இருந்து பேசறோம், ஐம்பது சாப்பாடு வேணும், அட்வான்ஸ் அனுப்பறோம், இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று ஹோட்டல்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் அழைப்பு வருவது நாடு முழுக்க நடக்கிற பழைய வித்தை. பட்டாளத்தான் என்றால் நமக்கு ஒரு மரியாதை. அதை முதலாகப் போட்டு நடத்தும் வியாபாரம் இது.

✦

ஒரு பிரிண்டர் வேலை செய்யாததுதான் தமிழ்நாட்டின் பெரிய வங்கித் திருட்டு ஒன்றுக்கு முதல் அடையாளம்.

2018 பிப்ரவரி 6. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி. வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் அமைப்போடு இணைந்த பிரிண்டரை உள்ளே புகுந்தவர்கள் முடக்கிவைத்தார்கள். அனுப்பிய பணத்துக்கு ஒப்புகைச் சீட்டு அதில்தான் அச்சாகும். சீட்டு வராவிட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்? 'பிரிண்டர் மக்கர்' என்று விட்டுவிடுவோம். அந்தச் சந்தில் மூன்று பரிமாற்றங்கள் போயின. துபாய்க்கு 5 லட்சம் டாலர், துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, சீனாவுக்கு 10 லட்சம் டாலர். துபாய்க்குப் போனது வழியிலேயே தடுக்கப்பட்டது. மறுநாள் காலை கணக்கை நேர்செய்து பார்த்தபோதுதான், நாம் அனுப்பாத மூன்று இனம் இடிக்கிறதே என்று தெரிந்தது.

இதே பிரிண்டர் வித்தை இரண்டு வருடத்துக்கு முன், 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியில் நடந்தது. திருட முயன்றது சுமார் 95 கோடி டாலர். பிலிப்பைன்ஸுக்கு 8.1 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் தப்பியது. எப்படி? பெறுகிற அமைப்பின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்று வரவேண்டிய இடத்தில் 'ஃபண்டேஷன்' என்று எழுத்துப் பிழை. இடையில் இருந்த ஜெர்மன் வங்கி அதைப் பார்த்துக் கேள்வி கேட்டது. எழுத்துப் பிழையைக் கண்டால் எரிச்சல்படுகிறவர்களை இனி யாரும் கிண்டல் செய்ய வேண்டாம்.

சில்லறைக் கடைக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. வழக்கமாக வரும் எஸ்எம்எஸ் வரவில்லை, பில் மெஷின் தானாக அணைந்து எழுகிறது, போனில் சிக்னல் திடீரென்று மணிக்கணக்கில் இல்லை என்றால் 'மக்கர்' என்று சொல்லும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். சிக்னல் போனது, உங்கள் எண்ணுக்கு வேறொருவன் புதுச் சிம் வாங்கிவிட்டதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

✦

செட்டிநாட்டு வீட்டுக்குள் போயிருப்பீர்கள். முகப்பு, பட்டாசாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று வாசலிலிருந்து பார்த்தால் கொல்லைவரை ஒரே நேர்கோடாகத் தெரியும். ஒளிவுமறைவே இல்லாத வீடு என்று தோன்றும். ஆனால் வளவைச் சுற்றியிருக்கும் அறைகளைப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு தம்பதிக்கும், ஓர் அறை, அதற்குத் தனிப் பூட்டு, தனிச் சாவி. கல்யாணமான மகனை 'வேறு வைத்தல்' என்ற வழக்கம் இங்கே உண்டு. வீடு ஒன்று, அடுப்பு வேறு, பண்டம் வேறு, கணக்கு வேறு. முகப்புவரை வந்த விருந்தாளி வளவுக்குள் வரலாம். அறைக்குள் போக முடியாது.

இந்த வழக்கம் இல்லாததால்தான் அமெரிக்காவின் டார்கெட் கடைத்தொடர் 2013-இல் அடிவாங்கியது. அந்த நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுவரை, பண்டிகை விற்பனை நெரியும் நேரத்தில், சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் பில் போடும் மெஷின்களிலிருந்தே உருவப்பட்டது. திருடர்கள் நுழைந்த வழிதான் வேடிக்கை. கடைகளுக்குக் குளிர்சாதன வேலை பார்த்துக்கொடுத்த ஒரு சின்ன ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல். ஏசிக்காரருக்குத் திறந்த கதவு கல்லாவரை போயிருக்கிறது! நடுவில் ஒரு பூட்டும் அவர்களை நிறுத்தவில்லை. மறு ஆண்டு மே மாதம் நிறுவனத்தின் தலைமை அதிகாரி பதவி விலகினார்.

உங்கள் கடையில் வைஃபை ஒன்றா, இரண்டா? சரக்கு இறக்க வந்தவர், வாடிக்கையாளரோடு வந்த குழந்தை, பில் கம்ப்யூட்டர், சிசிடிவி எல்லாம் ஒரே வைஃபையில் இருந்தால் அது பூட்டில்லாத வளவு. இப்போது வரும் பல ரவுட்டர்களில் விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை வைக்க வசதி உண்டு. இணைப்புக் கொடுக்க வந்த பையனிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை.

✦

பர்மாவிலும் மலாயாவிலும் செட்டிநாட்டு நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிநிலை உண்டு. பெட்டியடிப் பையன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொள்வான். கடன் கொடுக்கும் முடிவு மேலாளுடையது. மேலாளும் ஊரிலிருக்கும் முதலாளிக்குக் கணக்கு அனுப்பியாக வேண்டும். நம்பிக்கை இல்லாமல் இல்லை. நம்பிக்கைக்கும் அளவு வைத்திருந்தார்கள்.

இன்றைக்கு நம் கடைகளில் பில் போடும் பையன், கணக்கு எழுத வருகிறவர், முதலாளி மூவருக்கும் ஒரே கடவுச்சொல். அதையும் மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டியிருந்த ஒரு கடையை நானே பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்த மானிட்டர் அது. எனக்கு அந்தக் கடவுச்சொல் இன்னும் நினைவிருக்கிறது, கடைக்காரர் பெயரும் பிறந்த வருடமும். பில் மென்பொருள்கள் பலவற்றில் ஆளுக்கொரு நுழைவு வைக்கலாம்; பில்லை அழிக்கும் உரிமையை முதலாளிக்கு மட்டும் ஒதுக்கலாம். ஆள் வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே அவர் நுழைவை எடுத்துவிட வேண்டும்.

✦

2021 ஜூலையில் ஸ்வீடனின் கூப் மளிகைத் தொடர் சுமார் 800 கடைகளை மூடியது. சரக்கு இருந்தது, ஆள் இருந்தது, வாங்கவும் கூட்டம் இருந்தது. பில் மெஷின் இயங்கவில்லை. தாக்கப்பட்டது கூப் அல்ல. எங்கோ அமெரிக்காவில், கம்ப்யூட்டர்களைத் தூரத்திலிருந்து பராமரிக்கும் மென்பொருள் விற்ற ஒரு நிறுவனம். கைப்பில் புத்தகம் ஒன்று கல்லாவில் எப்போதும் கிடக்கட்டும்.

✦

நன்னூல் படித்தவர்களுக்குக் 'குழூஉக்குறி' நினைவிருக்கும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் உதாரணம் சொன்னார்களே, அதுதான். ஜவுளிக் கடையில் சேலை லேபிளில் புரியாத எழுத்துகள் இருக்கும். அது அடக்க விலை. பத்து எழுத்துள்ள ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, எண்ணுக்கு எழுத்தாக எழுதுவது வழக்கம். விற்பனையாளருக்கு எதுவரை இறங்கலாம் என்று தெரியும். நாம் முழிப்போம்.

உங்கள் கார்டு எண்ணுக்கும் இப்போது இதுதான் நடக்கிறது. 2022 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கி உத்தரவின்படி, கார்டின் உண்மையான எண்ணைக் கடைக்காரர்கள் சேமித்துவைக்கக் கூடாது. அதற்குப் பதில் 'டோக்கன்' என்ற மாற்று எண். ஒரு கடையின் டோக்கனைத் திருடி இன்னொரு கடையில் செலவு செய்ய முடியாது. நோட்டில் கார்டு எண்ணைக் குறித்துவைக்கும் பழக்கம் எந்தக் கடையிலாவது இருந்தால், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவது நல்லது.

✦

கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வருகிறது. கோப்பின் பெயர் கடைசியில் 'ஏபிகே' என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, செயலி. திறந்து நிறுவினால் உங்கள் எஸ்எம்எஸ், அதாவது ஓடிபி, வேறொருவன் கண்ணுக்குப் போகும். 2024 நவம்பரில் இமாச்சலப் பிரதேச போலீஸ் இது பற்றி எச்சரிக்கை விட்டது. முகூர்த்த மாதத்தில் நாளுக்கு நான்கு பத்திரிகை வரும் நம் பக்கத்துக்கு இமாச்சலத்தைவிட ஆபத்து அதிகம். நம் வீட்டுப் பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். முக்கியமான கல்யாணம் என்றால் நேரில் வந்து வைப்பார்கள்.

✦

நம் ஊர்க் கடைகளில் கணக்குக்குப் பெரும்பாலும் டேலிதான். பெங்களூருவில் 1986-இல் தொடங்கிய கதை அது. காசு கொடுத்து வாங்கியது எத்தனை கடையில், 'க்ராக்' போட்டது எத்தனை கடையில் என்று நான் கேட்கப்போவதில்லை. க்ராக் செய்து இலவசமாகக் கொடுக்கிற புண்ணியவான் அதோடு வேறு எதைச் சேர்த்துக் கொடுத்தான் என்பது மட்டும் என் கேள்வி. ஒரு நாள் காலையில் கோப்பெல்லாம் பூட்டிக்கிடக்க, 'பணம் அனுப்பு, சாவி தருகிறேன்' என்று திரையில் சேதி வரும் பிணைப்பண வைரஸ் நுழைய இது ஒரு ராஜபாட்டை.

'எனிடெஸ்க்' இன்னொன்று. தூரத்திலிருந்து பழுது பார்க்க நல்ல கருவி. அதையே நிறுவச் சொல்லிப் போனைக் கைப்பற்றி யூபிஐ வழியாகப் பணம் எடுக்கிறார்கள் என்று 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது. கணக்கு சரிசெய்ய வருகிறவர் வேலை முடித்ததும் இணைப்பைத் துண்டித்தாரா என்று பாருங்கள். வாசல்வரை வந்து வழியனுப்புவது நம் வழக்கம்தானே.

✦

2017 மே 12-இல் உலகம் முழுக்கப் பரவிய வான்னகிரை வைரஸுக்கு மருந்து அதே வருடம் மார்ச்சிலேயே வெளியாகிவிட்டது. 'அப்டேட் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைத்த கம்ப்யூட்டர்களில்தான் அது பெரும்பாலும் ஆடியது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துபோனது. கடைக் கம்ப்யூட்டர் எந்த விண்டோஸில் ஓடுகிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

✦

திருடனைப் பிடிக்க மாட்டிய கேமராவே திருடனுக்கு வேலை பார்க்கும். 2016-இல் 'மிராய்' என்ற நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப் பிடித்துப் படையாகத் திரட்டியது. கையில் வைத்திருந்தது சுமார் 60 ஜோடிப் பெயரும் கடவுச்சொல்லும்தான். அந்தப் படையைக் கொண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையத் தளங்களையே சில மணி நேரம் சாய்த்தார்கள். இன்னொன்று, கடைக் கேமராவைக் கல்லாவுக்கு நேர் மேலே மாட்டுகிறோம். வாடிக்கையாளர் பின் அடிக்கும் விரல் அதில் தெரிகிறதா என்று ஒருமுறை காட்சியைப் போட்டுப் பாருங்கள்.

✦

சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் நம்மவர்கள் காரைக்குடிப் பலகாரத்தையும் கண்டாங்கிச் சேலையையும் வாட்ஸ்அப்பிலேயே கேட்டு வாங்குகிறார்கள். பல கடைகளுக்கு அந்த ஒரு வாட்ஸ்அப் எண்தான் இரண்டாவது வாசல். "தெரியாம உங்க நம்பருக்கு ஒரு ஆறு இலக்க எண் வந்துடுச்சு, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று தெரிந்தவர் பெயரிலிருந்தே சேதி வரும். சொன்னால் உங்கள் வாட்ஸ்அப் அவன் போனில் திறக்கும். அப்புறம் உங்கள் வாடிக்கையாளர்களிடம், உங்கள் பெயரில், "பழைய கணக்கு வேண்டாம், இதில் போடுங்க" என்பான். போவது பணம் மட்டுமா? வாட்ஸ்அப் அமைப்புகளில் 'இரண்டு படிச் சரிபார்ப்பு' என்று ஒன்று இருக்கிறது. இன்றைக்கே போடுங்கள், இந்தப் பத்தியை அப்புறம் முடிக்கலாம்.

✦

முருகப்பா குழுமத்தைத் தொடங்கிய ஏ.எம். முருகப்ப செட்டியார் பள்ளத்தூர்க்காரர். 1900-இல் பர்மாவின் மோல்மீனில் தொழிலை ஆரம்பித்தவர். ஜப்பான் படை பர்மாவுக்குள் வருமுன்பே தொழிலையும் முதலையும் இந்தியாவுக்கு நகர்த்திவிட்டது அந்தக் குடும்பம். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. நிலமும் கிட்டங்கியும் அங்கேயே இருந்தவர்கள் உயிரோடு வந்ததே பெரிது என்று வந்து சேர்ந்தார்கள். மலை வழியாக நடந்தே வந்தவர்கள் உண்டு.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்காதே என்பதை அந்தத் தலைமுறை பட்டுத் தெரிந்துகொண்டது. வட்டிக்கடைக் கணக்கின் ஐந்தொகை அவ்வப்போது ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். இப்போது கம்ப்யூட்டர்காரர்கள் '3-2-1' என்கிறார்கள். மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். கடைக் கம்ப்யூட்டரிலேயே எப்போதும் செருகியிருக்கும் பென்டிரைவ் இந்தக் கணக்கில் சேராது. பிணைப்பண வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். வாரம் ஒருமுறை எடுத்து, கழற்றி, வீட்டுப் பெட்டகத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதைத் திறந்தும் பாருங்கள். திறக்காத படியை எடுத்தும் பயனில்லை.

✦

2025 ஏப்ரலில் பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைத்தொடர் ஆறு வாரத்துக்கு மேல் இணைய விற்பனையை நிறுத்திவைத்தது. லாபத்தில் சுமார் 30 கோடி பவுண்டு அடிபடும் என்று கணக்கிட்டார்கள். திருடர்கள் வேறு ஆளாக நடித்து, வெளி நிறுவனம் ஒன்றின் வழியாக உள்ளே வந்ததாக அதன் தலைவரே பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். பூட்டை உடைக்கவில்லை, 'நான்தான்' என்று சொல்லித் திறக்க வைத்தார்கள். மொத்த வியாபாரி "பேங்க் அக்கவுண்ட் மாத்திட்டோம்" என்று மெயில் அனுப்பினால், அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, பழைய நோட்டில் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

✦

மோசடி செய்யாத கடைக்காரரின் கணக்கும் முடங்கலாம். எங்கோ ஏமாற்றிய பணத்தில் ஒருவன் உங்கள் கடையில் டீ குடித்துவிட்டு யூபிஐயில் காசு போட்டால், அந்தப் பணத்தின் தடம் பிடித்து வரும் வேறு மாநிலப் போலீஸ் உங்கள் கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லலாம். கேரளத்தில் இப்படிச் சிக்கியவர்கள் நீதிமன்றம் போனார்கள். முழுக் கணக்கையும் முடக்காமல், சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைக்கும்படி 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. பில்லை எடுத்துவையுங்கள். விற்றதற்குச் சாட்சி அதுதான். கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒன்றாக இருந்தால் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

✦

பத்து ரூபாய்க்குப் பேனா வாங்கினாலும் "போன் நம்பர் சொல்லுங்க" என்கிறார்கள். கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே கடைகளுக்குச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாங்கிய விவரத்தைப் பத்திரமாக வைக்காதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. பெட்டிக்கடைக்கு யாரும் 250 கோடி போடப்போவதில்லை. ஆனால் தேவையில்லாமல் வாங்கிய ஐந்தாயிரம் எண்களைக் காப்பாற்றும் பொறுப்பை எதற்குத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

✦

பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். திருடிய பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவும், கடைசியில் ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வரும். வெளியே வருமுன் அடைத்தால்தான் உண்டு. 'யாருக்கும் தெரிஞ்சா கேவலம்' என்று ராத்திரி முழுக்க யோசிக்கிற கடைக்காரர்தான் திருடனுக்குப் பெரிய உதவி செய்கிறவர். சைபர் கிரைம் காவல் நிலையம் இப்போது மாவட்டந்தோறும் இருக்கிறது.

✦

அன்றைக்குப் பலகாரக் கடையில் முறுக்கு வாங்கிக்கொண்டு நான் கிளம்ப எட்டு மணி ஆகிவிட்டது. ஆச்சி கல்லாவில் நோட்டை அடுக்கி எண்ணினார். பேத்தி போனைப் பார்த்து யூபிஐ வரவை ஒவ்வொன்றாக வாசிக்க, பில் புத்தகத்தில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். பதினைந்து ரூபாய் இடித்தது.

"விடுங்க அப்பத்தா, பதினஞ்சு ரூவாதானே."

"மேலேருந்து வாசி."

பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தேன். உள்ளே பேத்தி மறுபடி முதல் வரவிலிருந்து வாசிக்கத் தொடங்கியிருந்தாள்.